கைத்திறன் ஒருவரிடம், சந்தை மற்றவரிடம்: கொழும்பில் கூட்டு வியாபாரம் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

கொட்டாஞ்சேனையில் நாலு தையல் மெசினோடு இருக்கும் ஒரு கட்டிங் மாஸ்டருக்குத் துணியை எப்படி விரித்தால் இரண்டு அங்குலம் மிச்சம் பிடிக்கலாம் என்று தெரியும். கெய்சர் வீதியில் எந்தக் கடை 45 நாளில் காசு தரும், எது 90 நாள் இழுக்கும் என்று தெரியாது. புறக்கோட்டையில் பத்து வருடம் விற்பனையில் நின்றவருக்கு அது மனப்பாடம். ஆனால் ஒரு சேர்ட்டுக்கு எவ்வளவு துணி போகும் என்று அவரிடம் கேட்டால், மாஸ்டர் சொல்வதுதான் கணக்கு. இப்படி இருவர் சேர்ந்தால் வியாபாரம் ஓடும். தகராறு வந்தால் அதுவும் இதே இடத்திலிருந்துதான் வரும், ஏனென்றால் ஒருவர் செய்யும் வேலையை மற்றவரால் சரிபார்க்க முடியாது.

ஒரே திறமை உள்ள இருவர் சேர்ந்தால் யார் பெரியவர் என்று சண்டை. வேறு வேறு திறமை உள்ள இருவர் சேர்ந்தால் சந்தேகம். இரண்டாவது மெல்ல வளர்வது, ஆனால் கடையை மூட வைப்பது. கீழே வரும் ஒவ்வொரு படியும் மற்றவரின் வேலையை உங்கள் கண்ணுக்குத் தெரிய வைப்பதற்கானது. தையலை உதாரணமாக எடுத்திருக்கிறோம். கேட்டரிங், போன் திருத்தும் கடை, மென்பொருள் எதுவானாலும் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில், பங்காளி தேவையா?

இரண்டு வாரம் ஒரு கொப்பி வைத்திருங்கள். உங்களால் செய்ய முடியாமல் போனது, பிழைத்துப் போனது, தள்ளிப்போட்டது எல்லாவற்றையும் அன்றன்றே எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதைச் சம்பளத்துக்கோ கொமிஷனுக்கோ கட்டணத்துக்கோ ஒருவரிடம் கொடுக்கலாமா என்று எழுதுங்கள். கணக்கு எழுத ஆள், வரிப் படிவம் நிரப்ப ஆள், பேஸ்புக் விளம்பரம் போட ஆள் என்பதெல்லாம் காசு கொடுத்து வாங்கக்கூடியவை. அதற்கு லாபத்தில் பாதியைக் கொடுக்க வேண்டியதில்லை.

நாள்தோறும் தேவைப்படுகிற, சொந்தத் தீர்மானத்தில் எடுக்கவேண்டிய, பிழைத்தால் முழு வியாபாரமும் பாதிக்கிற வேலை ஒன்று மிஞ்சினால்தான் பங்காளி. எந்தக் கடைக்கு எவ்வளவு கடன் கொடுப்பது என்பது அப்படி ஒன்று. பணம் மட்டும்தான் குறை என்றால் வட்டிக்குக் கடன் வாங்குவது பெரும்பாலும் மலிவு. கடனுக்கு முடிவு உண்டு, பங்குக்கு இல்லை.

ஆளைப் பார்த்தல்

பழக்கம் வேறு, வியாபார நாணயம் வேறு. மூன்று பேரிடம் விசாரியுங்கள்: அவருக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுத்தவர், அவரிடம் வேலை செய்து விலகியவர், அவருக்குக் கடை வாடகைக்கு விட்டவர். நல்ல நாளில் எல்லாரும் நல்லவர்கள், ஆகவே "காசு முடைப்பட்ட மாதத்தில் என்ன செய்தார்?" என்று மட்டும் கேளுங்கள். போனை எடுத்துத் தவணை கேட்டவரோடு வியாபாரம் செய்யலாம். போனை அணைத்து வைத்தவர் நாளை உங்கள் பெயரிலும் அதையே செய்வார்.

அடுத்தது, இருவரும் அவரவர் கடன் தகவல் அறிக்கையை எடுத்து மாற்றிப் பாருங்கள். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைக் கடன் தகவல் பணியகம், நாம் 'கிறிப்' என்று சொல்வது, தனி ஆளுக்கு அவருடைய அறிக்கையைத் தரும். சொந்தக் கடனோடு, பிறருக்குப் பிணை நின்ற கடனையும் கட்டாயம் கேளுங்கள். நம் ஆட்களிடம் அதிகம் மறைந்து கிடப்பது இதுதான். தங்கையின் கணவருக்காக நின்ற பிணை, அவர் கட்டத் தவறும் மாதத்தில் உங்கள் பங்காளியின் கழுத்தில் ஏறும். அந்த மாதம் அவர் கைவைப்பது கடைக் கல்லாவில்தான்.

90 நாள் ஒத்திகை

உடனே கடை திறக்காதீர்கள். ஒரேயொரு ஓடரை மட்டும், 200 சேர்ட் என்று வையுங்கள், சேர்ந்து செய்யுங்கள். ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: துணிக் காசு யாருடையது, தையற்கூலி எவ்வளவு, சரக்கு யார் வீட்டில் இருக்கும், காசு யார் கைக்கு வரும், மிஞ்சுவதை எப்படிப் பிரிப்பது, எந்தத் திகதியில் இது முடிகிறது. முடிவுத் திகதி முக்கியம். லாபத்தைப் பிரித்துக்கொள்வதே பங்குடைமை, அதாவது சட்டம் ஏற்கும் கூட்டு வியாபாரம், இருப்பதற்கு முதல் சான்றாக எடுக்கப்படும். 'சும்மா சேர்ந்து பார்த்தோம்' என்ற பேச்சு கடன் கொடுத்தவர் முன்னால் நிற்காது.

ஒத்திகையில் லாபம் எவ்வளவு என்பதை விட மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். கெட்ட செய்தியை எத்தனை நாள் கழித்துச் சொன்னார்? பில் இல்லாத செலவு எத்தனை? உங்கள் வேலையைப் பற்றி அவர் கேட்ட கேள்வி என்ன? எதுவுமே கேட்காதவர் உங்களை நம்புகிறார் என்று மகிழ வேண்டாம். அவர் பிறகு ஒருநாள் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்பார்.

பங்குடைமையா, கம்பனியா?

இலங்கையில் பங்குடைமைக்கு இன்றும் ஆங்கிலேயச் சட்டம்தான். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளை வழியாக, இங்கிலாந்தின் 1890ஆம் ஆண்டுப் பங்குடைமைச் சட்டம் இங்கே பொருந்துகிறது. அதன்படி வியாபாரத்தின் வழக்கமான போக்கில் ஒரு பங்காளி போடும் கையெழுத்து மற்றவரையும் கட்டும். கடனுக்குச் சொந்தச் சொத்தும் பொறுப்பு.

அப்பிள் நிறுவனம் 1976 ஏப்ரல் 1ஆம் திகதி பங்குடைமையாகத்தான் தொடங்கியது. ஸ்டீவ் ஜொப்ஸுக்கும் ஸ்டீவ் வொஸ்னியாக்குக்கும் 45 சதவீதம் வீதம். இருவரும் முரண்பட்டால் தீர்ப்பதற்காக ரொனால்ட் வெய்ன் என்பவருக்கு 10 சதவீதம். வெய்ன் 12 நாளில் விலகி, தன் பங்கை 800 டொலருக்குக் கொடுத்துவிட்டார். ஓடருக்காகக் கடன் ஏறியது. கடன்காரர் கைவைக்கக்கூடிய சொத்து மூவரில் அவரிடம்தான் இருந்தது. அவர் இழந்ததைப் பற்றிப் பேசுபவர்கள் அவர் பயந்த காரணம் நியாயமானது என்பதை மறந்துவிடுகிறார்கள். உங்களில் ஒருவருக்கு வெள்ளவத்தையில் வீடும் மற்றவருக்கு ஒன்றுமில்லை என்றால், பங்குடைமையில் இருவரின் ஆபத்தும் ஒன்றல்ல.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனி பதிந்தால் பொறுப்பு பங்கு மூலதனத்தோடு நிற்கும். ஆனால் வங்கிக் கடனுக்கு இயக்குநர்களின் சொந்தப் பிணை கேட்பது வழக்கம்; அதில் கையெழுத்து வைத்தால் அந்தக் கடனளவில் பாதுகாப்புப் போய்விடும். கம்பனிக்குச் செயலாளர் வேண்டும், வருடாந்த அறிக்கை வேண்டும், அந்தச் செலவும் உண்டு. எங்கள் எண்ணம் இது: கடனுக்குச் சரக்கு எடுத்து, கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் எந்த வியாபாரமும் கம்பனியாக இருப்பது நல்லது. காசுக்கு வாங்கிக் காசுக்கு விற்கும் சிறு தொழிலுக்குப் பங்குடைமை போதும்.

காசைப் பிரிக்கும் முறை

அதிகம் பிழை நடக்கும் இடம் இது. 'பாதிப் பாதி' என்று சொல்லிக் கைகுலுக்கிவிடுகிறார்கள். உண்மையில் ஒரு பங்காளி மூன்று பொருள்களைத் தருகிறார்: முதல் (மூலதனம்), நேரம், ஆபத்தை ஏற்றல். மூன்றுக்கும் தனித்தனி விலை வேண்டும்.

மாஸ்டர் 8 இலட்சம் பெறுமதியான மெசின்களைக் கொண்டுவருகிறார்; முழுநேர வேலை. விற்பனைக்காரர் 12 இலட்சம் காசு போடுகிறார். அரை நாள் வேலை. ஒப்பந்தத்தில் மாஸ்டருக்கு மாதம் 1,20,000 ரூபா, மற்றவருக்கு 60,000 ரூபா சம்பளம், இருவரின் முதலுக்கும் வருடம் 10 சதவீத வட்டி, மிச்சத்தில் 20 சதவீதம் கடையிலேயே ஒதுக்கம், பிறகு மிஞ்சுவது சரிபாதி. இவற்றுக்கு முன்னான வருட லாபம் 42 இலட்சம் என்று வையுங்கள். சம்பளம் 14.4 இலட்சமும் 7.2 இலட்சமும் போகும். வட்டி 80,000 ரூபாவும் 1,20,000 ரூபாவும். மிச்சம் 18.4 இலட்சம். ஒதுக்கம் 3.68 இலட்சம். பிரிப்பது 14.72 இலட்சம், ஆளுக்கு 7.36 இலட்சம். மாஸ்டர் கைக்கு 22.56 இலட்சம், விற்பனைக்காரர் கைக்கு 15.76 இலட்சம்.

எதையும் எழுதாவிட்டால்? 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்வது: லாபமும் நட்டமும் சமபங்கு, வேலை செய்யும் பங்காளிக்குச் சம்பளம் இல்லை, முதலுக்கு வட்டி இல்லை. 42 இலட்சமும் ஆளுக்கு 21 இலட்சமாகப் பிரியும். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை நிற்பவருக்கு அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். வருடக் கடைசியில் அல்ல, இன்றைக்கே.

மெசினைப் பற்றி ஒரு விஷயம். அதன் பெறுமதியை வாங்கிய விலையில் போடாதீர்கள். பழைய மெசின் விற்கும் இருவரிடம் விலை கேட்டு, சராசரியை எழுதுங்கள். அது கடைக்கே சொந்தமாகிறதா, மாஸ்டருடையதாகவே இருந்து கடை பாவிக்கிறதா என்பதையும் எழுதுங்கள். இதை எழுதாதவர்கள் பிரியும் நாளில் மெசின் வைத்த அறைக்கு ஆளுக்கொரு பூட்டுப் போடுகிறார்கள்.

யார் தீர்மானிப்பது?

ஹொண்டா நிறுவனத்தில் சொய்ச்சிரோ ஹொண்டா இயந்திரத்தைப் பார்த்தார். 1949இல் சேர்ந்த தக்கேயோ புஜிசாவா பணத்தையும் விற்பனையையும் பார்த்தார். 1973இல் இருவரும் ஒன்றாக ஓய்வு பெறும் வரை அந்தப் பிரிவினை நீடித்தது. பஞ்சிகாவத்தையில் ஹொண்டா உதிரிப்பாகம் விற்கும் ஒவ்வொரு கடைக்கும் பின்னால் அந்தக் கூட்டு இருக்கிறது.

உங்கள் அளவில் இதை இப்படி எழுதலாம். துணித் தெரிவு, வெட்டு, தையல் ஆட்களை எடுப்பது மாஸ்டரின் சொல். விலை, கடைகளுக்குக் கடன் எல்லை, வசூல் விற்பனைக்காரரின் சொல். 25,000 ரூபா வரையான செலவுக்கு ஒருவர் போதும். 2 இலட்சம் வரை வாட்ஸ்அப்பில் தெரிவித்து மறுமொழி வந்த பிறகு. அதற்கு மேல் இருவர் கையெழுத்து. ஒரு கடைக்கு 3 இலட்சத்துக்கு மேல் கடன் நிற்கக் கூடாது என்பது போன்ற எல்லையை விற்பனைக்காரர் தனியாக மாற்ற முடியாது, ஏனென்றால் அதில் நிற்பது மாஸ்டரின் உழைப்பும்தான்.

பின்திகதியிட்ட காசோலைக்கு எல்லை வேண்டாம். தொகை எதுவானாலும் இருவர் கையெழுத்து. புறக்கோட்டை மொத்த வியாபாரமே இந்தக் காசோலைகளில்தான் சுழல்கிறது. ஆனால் கணக்கில் காசில்லை என்று தெரிந்தே கொடுக்கும் காசோலை 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் 25ஆம் பிரிவில் குற்றம். கொடுத்த காசோலைகளுக்குத் திகதி வாரியாகத் தனிக் கொப்பி வைத்து, ஒவ்வொரு திங்களும் வரும் 14 நாளின் கூட்டுத் தொகையை இருவரும் பாருங்கள்.

ஒப்பந்தம் எழுதுதல்

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பார்கள். இங்கே சட்டமும் அதையே சொல்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளையின் 18ஆம் பிரிவின்படி, மூலதனம் 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமை உடன்படிக்கை எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பங்காளி மற்றவருக்கு எதிராக அதை நிலைநாட்ட முடியாது. ஆனால் வெளிக் கடன்காரர் உங்கள் இருவர் மீதும் வழக்குப் போடத் தடையில்லை. அதாவது எழுதாத கூட்டில் கடனுக்கு நீங்கள் பங்காளி. உங்கள் உரிமையைக் கேட்கும்போது மட்டும் யாருமில்லை.

மச்சானோடு, சகலையோடு சேரும்போது 'எழுத்து எதற்கு?' என்ற பேச்சு வரும். நம்பிக்கையைப் பற்றி வாதிட்டால் மனத்தாங்கல்தான் வரும். "அண்ணை, எங்களுக்குப் பிறகு எங்கட பிள்ளையள் சண்டை பிடிக்கக் கூடாது, அதுக்காக எழுதி வைப்பம்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் மறுப்பு வராது.

நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் போவதற்கு முன் மேலே சொன்னவற்றை நீங்களே தமிழில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு போனால் பழைய மாதிரி ஒன்றில் பெயர் மாற்றித் தருவார்கள். ஆவணம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால் தமிழ்ப் பிரதியும் சேர்த்து, எது மேலோங்கும் என்று எழுதுங்கள். புரியாத மொழியில் வைத்த கையெழுத்தும் கையெழுத்துத்தான்.

யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள், தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம்) உட்பட்டவர் என்றால் அதைச் சட்டத்தரணியிடம் முதலிலேயே சொல்லுங்கள். அச்சட்டத்தின் கீழ் மணமான பெண் தன் காணியைக் கைமாற்றக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பது நெடுங்கால விதி; இன்றைய நிலையை அவரிடமே கேளுங்கள். மணவாழ்வில் தேடிய தேட்டத்தில் வாழ்க்கைத் துணைக்கும் பங்கு எழும். கொழும்பில் குடியிருப்பதால் மட்டும் இது தானாக விட்டுப்போகும் என்று எண்ணாதீர்கள்.

பதிவும் பெயரும்

பங்குடைமை என்றால் வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகம் வழியாகப் பதியுங்கள். அடையாள அட்டைப் பிரதிகள், இடத்துக்கான உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். கம்பனி என்றால் கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள சமாகம் மெதுரவில் இயங்கும் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத் தளத்தில் பதியலாம்.

பெயர்ப் பதிவுச் சான்றிதழை ஒப்பந்தம் என்று நினைக்காதீர்கள். அதில் பங்காளிகளின் பெயர் இருக்கும், உங்களுக்குள் பேசிய பிரிவினையும் நிபந்தனைகளும் இருக்காது. அது பெயரை உங்களுக்கே உரிமையாக்கவும் மாட்டாது. அதற்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வியாபாரக் குறியைப் பதிய வேண்டும். விண்ணப்பத்தில் உரிமையாளர் யார் என்ற இடத்தைக் கையெழுத்து வைக்கும் முன் இருவரும் பாருங்கள். விற்பனைக்காரர் வேலையாகப் போய்த் தன் பெயரில் பதிந்துவிட்டால், ஐந்து வருட உழைப்பின் பெயர் அவருடையது. கடை வாடகை ஒப்பந்தமும் அப்படித்தான்.

முதல் ஊழியரை எடுத்த மாதத்திலிருந்து சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 சதவீதம், உங்கள் பக்கம் 12 சதவீதம், நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம். இதைச் செலவுக் கணக்கில் முதலிலேயே போடுங்கள். வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. பங்குடைமைக்குத் தனிப் படிவம். பங்காளிகள் அவரவர் பங்கைத் தங்கள் படிவத்திலும் காட்ட வேண்டும்.

ஒருவர் வேலையை மற்றவர் வாசித்தல்

வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், கடைக்கு வெளியே உட்காருங்கள். மாஸ்டர் காட்டவேண்டியது இரண்டு எண்கள். எத்தனை மீற்றர் துணி எடுத்து எத்தனை உருப்படி வந்தது, எத்தனை திரும்பியது. 58 அங்குல அகலத் துணியில் முழுக்கைச் சேர்ட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் என்றால், 300 மீற்றருக்கு 200 வர வேண்டும். 188 வந்தால் 18 மீற்றருக்குக் காரணம் கேட்கலாம். துணியில் பழுது இருந்திருக்கும், பெரிய அளவுகள் கூடியிருக்கும், அல்லது வெட்டில் பிழை. கேட்பது சந்தேகமாகத் தெரியாது, ஏனென்றால் ஒவ்வொரு வாரமும் கேட்கிறீர்கள்.

விற்பனைக்காரர் காட்டவேண்டியது நிலுவைப் பட்டியல்: 30 நாளுக்குள், 31 முதல் 60, 61 முதல் 90, அதற்கு மேல் என்று நாலு நிரல். கடைசி நிரல் வாரா வாரம் பெருத்தால் விற்பனை கூடியதாகச் சொல்வதில் பொருளில்லை. லாபக் கணக்கு எழுதி அதில் பணமில்லாமல் நிற்கும் கடைகள் எல்லாம் இந்த நிரலைப் பார்க்காதவை. வங்கிக் கணக்கின் குறுஞ்செய்தி இருவர் போனுக்கும் வரட்டும்.

முரண்பாடும் விலகலும்

சாதாரண விஷயத்தில் பெரும்பான்மை என்று சட்டம் சொல்கிறது. இருவர் மட்டும் என்றால் பெரும்பான்மை ஏது? ஆகவே இருவரும் மதிக்கும், பங்கு இல்லாத ஒருவரின் பெயரை இன்றே எழுதி வையுங்கள். கணக்காளரோ, தொழிலிலிருந்து ஓய்ந்த வியாபாரியோ. 14 நாள் பேசி முடியாவிட்டால் அவரிடம், அதற்கும் மேல் 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் கீழ் நடுத்தீர்ப்பு.

காலவரையறை போடுங்கள். எழுதாவிட்டால் எந்தப் பங்காளியும் அறிவித்தல் கொடுத்து எந்த நாளும் கலைத்துவிடலாம், தீபாவளி ஓடர் தையலில் இருக்கும்போதும்தான். செட்டியார் தெருவுக்குப் பெயர் தந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தங்கள் மேலாளை, அதாவது கடையைப் பார்க்கும் முகவரை, மூன்று வருடத் தவணைக்கு அனுப்பி, தவணை முடியக் கணக்கை ஒப்படைக்கச் சொன்னார்கள். பங்காளிகளுக்கும் மூன்று வருடம் நல்ல அளவு. அதற்குள் விலக மூன்று மாத அறிவித்தல் என்று வையுங்கள்.

விலகுபவருக்கு என்ன கொடுப்பது என்ற சூத்திரத்தை நட்பாக இருக்கும்போதே எழுதுங்கள். சரக்கு வாங்கிய விலையில், ஒரு வருடம் தேங்கியது பாதி விலையில், 90 நாள் தாண்டிய நிலுவை பாதியாக, மெசின் அன்றைய சந்தை விலையில், வெளிக்கடன் கழித்து, நன்மதிப்புக்கு (கடையின் நல்ல பெயருக்குப் போடும் விலை) கடைசி மூன்று வருடச் சராசரி லாபத்தில் ஒரு வருடத் தொகை. 12 மாதத் தவணையில் கொடுப்பது. ஒரேயடியாகக் கேட்டால் கடை தாங்காது.

ஒரு பங்காளி இறந்தால், வேறுவிதமாக எழுதாதவரை, பங்குடைமை கலைந்துவிடும். மிஞ்சியவர் கடையைத் தொடர்ந்து நடத்தலாம், இறந்தவரின் குடும்பத்துக்கு அதே சூத்திரப்படி தவணையில் கொடுக்க வேண்டும் என்ற வாசகம் கட்டாயம் இருக்கட்டும். அந்தக் குடும்பத்துக்கு ஒப்பந்தப் பிரதி ஒன்று எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒருவர் விலகும் அன்றே, கடைக்குச் சரக்குக் கொடுத்தவர்கள், வாங்கியவர்கள் ஒவ்வொருவருக்கும் கடிதம் போக வேண்டும். அறிவித்தல் இல்லாமல் விலகியவர் பிறகு ஏறும் கடனுக்கும் பிடிபடலாம். தினசரிகளிலும் வர்த்தமானியிலும் அறிவித்தல், பிரதேச செயலகத்தில் பெயர் மாற்றம், வங்கிக்குக் கையெழுத்து மாற்றம், இறைவரித் திணைக்களத்துக்கும் கடைச் சொந்தக்காரருக்கும் கடிதம். பாவிக்காத காசோலைப் புத்தகங்களை எண்ணி வாங்குங்கள். கடையின் வாட்ஸ்அப் இலக்கமும் பேஸ்புக் பக்கத்தின் கடவுச்சொல்லும் யார் கையில் என்று அன்று மாலைக்குள் முடிவாகட்டும். வாடிக்கையாளர்கள் அடுத்த நாள் காலை அங்கேதான் வருவார்கள்.